செவிலி வீடு: மாண்ட்ரியலில் ஐந்து நாட்கள்

முதல் நாள் – அக்டோபர் 1, சனி

தங்கை வீட்டுக் கொலுவில் ஐந்து படிகள். கும்பகோணத்திலிருந்து வைக்கோல் சுற்றி வந்த தசாவதாரம், மரப்பாச்சி ஜோடி, செட்டியார் கடை. செட்டியாருக்குப் பக்கத்தில், கடைசிப் படியில், ஆரஞ்சு நிறத்தில் உடம்பெல்லாம் மயிராக ஒரு பொம்மை. "இது என்ன, கரடியா?" என்று கேட்டேன். தங்கை சிரித்தாள். "அது அவனுடையது. கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். முதலில் சாப்பிடு அண்ணா" என்றாள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

நான் வந்தது கொலு பார்க்க என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் வந்தது, அறுபது வருடங்களுக்கு முன் மூடிப்போன ஒரு பேஸ்பால் அணிக்காக. பெயர் மாண்ட்ரியல் ராயல்ஸ். மதுரையில் பிறந்து கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காத எனக்கு எதற்கு இந்த வேலை என்று மாப்பிள்ளை நேற்று இரவே கேட்டுவிட்டார். பதில் சொல்ல ஐந்து நாட்கள் இருக்கின்றன.

மதியம் தங்கை மகனை அழைத்துக்கொண்டு மெட்ரோவில் பப்பினோ நிலையத்தில் இறங்கி, ஒண்டாரியோ தெருவில் கிழக்கே நடந்தோம். டி லோரிமியே அவென்யூ வந்து குறுக்கிடும் முனைதான் இலக்கு. தெற்கே பார்த்தால் ஜாக் கார்ட்டியே பாலத்தின் இரும்புச் சட்டகம். 1928இல் இங்கே சுமார் 20,000 பேர் உட்காரும் அரங்கு ஒன்றைக் கட்டினார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது ஒரு உயர்நிலைப் பள்ளி. சனிக்கிழமை என்பதால் கதவு பூட்டியிருந்தது. முனையில் சிறிய திறந்தவெளி, ராயல்ஸ் பெயரைத் தாங்கியிருக்கிறது. மைதானம் இங்கே இருந்ததைச் சொல்ல ஒரு நினைவுப் பலகையும் உண்டு. பையன் பிரெஞ்சில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னான். "ஹோம் பிளேட்" என்ற சொல்லுக்கு மட்டும் தடுமாறி, "ஓடிப் போய்த் திரும்பி வந்து சேரும் வீடு, மாமா" என்றான். இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்கும் வராது.

பின்பக்கத் தெருவில் பழைய பின்னலாடை ஆலை ஒன்று செங்கல் சுவரோடு நிற்கிறது. உள்ளே இப்போது கலைஞர்களின் பட்டறைகள். திருப்பூர்க்காரர்கள் யாராவது வந்தால் கண் கலங்குவார்கள். ஆலை பிழைத்தது, மைதானம் பிழைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள்.

மைனர் லீக் அணி என்றால் என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ரஞ்சி அணியைப் போல என்று நினைத்தால் பாதிதான் சரி. தமிழ்நாட்டு ரஞ்சி அணி தமிழ்நாட்டுக்குச் சொந்தம். அதன் ஆட்டக்காரர் இந்திய அணிக்குப் போனாலும் ஊர்க்காரராகவே திரும்பி வரலாம். மைனர் லீக் அணியோ பெரிய அணியின் பண்ணை. 1939 முதல் ராயல்ஸ், நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குப் பண்ணையாக இருந்தது. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் புரூக்ளின் கையில். தேறியவனை அங்கே கூப்பிட்டுக்கொள்வார்கள், சோபிக்காதவனைத் திருப்பி அனுப்புவார்கள். நம் அகப்பாடல்களில் செவிலித்தாய் வருவாள். பெற்றவள் நற்றாய், பாலூட்டி, தலை வாரி, பந்து கொடுத்து விளையாட விட்டு வளர்ப்பவள் செவிலி. வளர்த்த பெண் ஒருநாள் சொல்லாமல் போய்விட, சுரத்தில் அவள் அடிச்சுவட்டைத் தேடி அலைபவளும் செவிலிதான். ராயல்ஸ் கதையைப் படித்த நாள் முதல் அவள்தான் என் நினைவில் நிற்கிறாள்.

இரண்டாம் நாள் – அக்டோபர் 2, ஞாயிறு

காலையில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் துர்க்கை அம்மன் கோவில். நவராத்திரிக் கூட்டம். பிரசாதம் வாங்கும் வரிசையில் முன்னால் யாழ்ப்பாணத் தமிழ், பின்னால் பிரெஞ்சு. சில பிள்ளைகளின் வாயில் ஒரே வாக்கியத்தில் இரண்டும். அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் போனால் வில்ரே. டி காஸ்பே அவென்யூ, 8232ஆம் எண்.

எண்ணைப் பார்க்காமல் தெற்கே நடந்து, ழாரித் தெருவைத் தாண்டி நான்கு கட்டடம் போன பிறகுதான் எண்கள் குறைவது தெரிந்தது. புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்தது. திரும்பி வந்து பார்த்தால், தேடிய வீடு அந்தத் தெருவின் மற்ற வீடுகளோடு கரைந்து நிற்கிறது. மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. சுவரில் ஒரு தகடு மட்டும் இல்லாவிட்டால் கடந்து போயிருப்பேன். 2011 பிப்ரவரியில் அமெரிக்க அரசு பதித்தது.

1946இல் இங்கே குடியிருந்தவர்கள் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனும் அவர் மனைவி ரேச்சலும்.

பெரிய அணிகள் ஆடும் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அப்போது கறுப்பர்களுக்கு இடமில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது. அணி முதலாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. புரூக்ளின் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி அதை உடைக்க நினைத்தார், ஆனால் நேரடியாக இல்லை. 1945 அக்டோபர் 23 அன்று, நான் நேற்று நின்ற அந்த முனையில், ராயல்ஸ் தலைவர் எக்டர் ரசீன் பத்திரிகையாளர்களை அழைத்து ராபின்சனோடு ஒப்பந்தம் போட்டார். கையில் 3,500 டாலர், மாதம் 600 டாலர் சம்பளம். பயிற்சிக்காக 1946 வசந்தத்தில் ஃபுளோரிடா போனபோது, சான்ஃபோர்ட் என்ற ஊரிலிருந்து ராத்திரியோடு கிளம்ப வேண்டியிருந்தது. ஜாக்சன்வில்லில் மைதானத்தின் கதவையே பூட்டிவைத்தார்கள். டேடோனா பீச் மட்டும் ஆட விட்டது.

ஏப்ரல் 18இல் நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் முதல் ஆட்டம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு அடிகள், அவற்றில் ஒன்று மூன்று ஓட்டங்களைக் கொண்டுவந்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல). ராயல்ஸ் 14, எதிரணி 1. ஆனால் எனக்குப் பிடித்தது ஹோம் ரன் அல்ல, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் இன்னிங்ஸ். ஹோம் பிளேட்டிலிருந்து கிளம்பி மூன்று பேஸ்களைச் சுற்றித் திரும்பி வந்தால்தான் ஒரு ஓட்டம். பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடிவிட்டார். அடுத்து இரண்டாவதைத் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே ஓடிப் பிடித்தார். மூன்றாவதுக்கும் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து வீட்டுப் பக்கமாக நாலடி நகர்வார், பாய்வதுபோல் குனிவார், சட்டென்று திரும்புவார். பந்து வீசுபவருக்குக் கை நடுங்கிவிட்டது. வீசத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். பேஸ்பாலில் அது பிழை. தண்டனையாக ஓடுபவர் ஒரு பேஸ் முன்னேறலாம். ராபின்சன் ஓட்டமெடுக்கவே வேண்டியிருக்கவில்லை, நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

கிரிக்கெட்டில் பந்து வீசுமுன் கோட்டை விட்டு நகர்பவனைத் திருடன் என்போம், அவனை ரன் அவுட் செய்தவரைப் பண்பில்லாதவர் என்போம். 1947இல் வினூ மன்கட் சிட்னியில் அப்படி ஒருவரை வெளியேற்றியதற்கு அவர் பெயரையே வசைச்சொல் ஆக்கிவைத்தார்கள். பேஸ்பாலிலோ கோட்டை விட்டு நகர்வது ஒரு கலை, அதற்குக் கணக்குப் புத்தகத்தில் தனிக் கட்டம் உண்டு. அந்த வருடம் ராபின்சனின் கட்டத்தில் 40 திருட்டுகள். பேட்டிங் சராசரி .349, அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 349 அடிகள் என்ற கணக்கு, லீகிலேயே முதலிடம்.

ஆனால் இந்த வாசலில் நின்றபோது மனதில் ஓடியது ரேச்சல் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம். வீடு தேடி வந்தபோது கதவைச் சாத்துவார்கள் என்றே எதிர்பார்த்தாராம். அமெரிக்காவில் அதுதான் பழக்கம். இங்கே வீட்டுக்காரப் பெண்மணி உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, தன் தட்டுமுட்டுச் சாமான்களையும் படுக்கை விரிப்புகளையும் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். ரேச்சல் கர்ப்பமாக இருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் துணி தைக்க உதவினார்கள், ரேஷன் கூப்பன் கொடுத்தார்கள், தெருப் பிள்ளைகள் மளிகைப் பையைத் தூக்கி வந்தார்கள். பெரும்பாலானவர்கள் பேசியது பிரெஞ்சு, ரேச்சலுக்கு அது தெரியாது. வெளிநாட்டில் முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று என் தங்கையைக் கேட்க வேண்டும். கேட்டேன். "எனக்கு ஒரு குஜராத்தி அம்மா ரசம் வைத்துக் கொடுத்தார். அதில் சர்க்கரை போட்டிருந்தார். முழுக்கக் குடித்தேன்" என்றாள்.

மூன்றாம் நாள் – அக்டோபர் 3, திங்கள்

குதிகாலில் கொப்புளம். வெளியே போகவில்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, ராயல்ஸ் கோட்டைவிட்ட பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன்.

1954இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ராயல்ஸுக்கு வந்தான். ரொபேர்ட்டோ கிளமெந்தே. அவனுக்கு டாட்ஜர்ஸ் கொடுத்த முன்பணம் 10,000 டாலர். அன்றைய விதி: 4,000 டாலருக்கு மேல் முன்பணம் பெற்ற புதியவனை நேரே மேஜர் லீக் அணியில் வைத்துக்கொள்ள வேண்டும், மைனருக்கு அனுப்பினால், பருவம் முடிந்ததும் வேறு எந்த அணியும் 4,000 டாலர் கொடுத்து அவனைக் கொத்திக்கொண்டு போகலாம். பணக்கார அணிகள் திறமையை மொத்தமாக வாங்கிப் பண்ணையில் அடைக்காமல் இருக்கப் போட்ட விதி. புரூக்ளின் துணிந்து மாண்ட்ரியலுக்கு அனுப்பியது. ஆடவிட்டால் மற்றவர்கள் கண்ணில் படுவான், ஆடவிடாவிட்டால் பையன் நொந்துபோவான். 87 ஆட்டங்களில் அவன் மட்டை பிடித்தது வெறும் 148 முறை. திட்டமிட்டு ஒளித்தார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. யாரை ஆடவிடுவது என்று தீர்மானிக்கும் மேலாளர் மாக்ஸ் மேக்கன் கடைசிவரை அதை மறுத்தார்.

ஒளித்தது யார் கண்ணில் பட்டது என்பதுதான் வேடிக்கை. பிட்ஸ்பர்க் அணிக்காக வேறொரு பந்துவீச்சாளரைப் பார்க்க வந்திருந்த கிளைட் சூக்ஃபோர்த், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் கிளமெந்தே தூரத்திலிருந்து பந்தை எறிவதைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது. இந்த சூக்ஃபோர்த்தான் 1945இல் ராபின்சனைக் கண்டு ரிக்கியிடம் அழைத்துப் போனவர். ரிக்கியும் அப்போது புரூக்ளினை விட்டு பிட்ஸ்பர்குக்கு வந்துவிட்டிருந்தார். ராபின்சனை இந்த ஊருக்கு அனுப்பிய அதே இருவர், எட்டு வருடம் கழித்து கிளமெந்தேயை இங்கிருந்து 4,000 டாலருக்குத் தூக்கிப்போனார்கள். அவர் பிட்ஸ்பர்கில் 3,000 அடிகள் அடித்தார். 1972 டிசம்பர் 31இல், நிலநடுக்கத்தில் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார்.

மாலை மாப்பிள்ளை களிம்பு வாங்கி வந்தார்.

நான்காம் நாள் – அக்டோபர் 4, செவ்வாய்

சரஸ்வதி பூஜை. புத்தகங்களைக் கொலு முன் அடுக்கி, தங்கை என் குறிப்பேட்டையும் பிடுங்கி அதன்மேல் வைத்துவிட்டாள். பையன் தன் பேஸ்பால் கையுறையைக் கொண்டுவந்தான். பழுப்புத் தோல், விரல் இடுக்குகளில் எண்ணெய்க் கறை, உள்ளங்கையில் பந்து விழுந்து விழுந்து ஒரு குழி. அதற்கும் சந்தனம், குங்குமம். "தோல் கெட்டுவிடும் அம்மா" என்றவனிடம், "உன் தாத்தா லேத்துக்கே வைத்தார், கெட்டுப்போகவில்லை" என்றாள். இன்று எதையும் படிக்கக் கூடாது. (இதை எழுதுவது இரவு, கேட்டால் படிக்கவில்லை, எழுதினேன் என்பேன்.) அதனால் கதை சொன்னேன். தேதியும் பொருத்தமாக அமைந்தது.

1946 அக்டோபர் 4. அந்தப் பருவத்தில் ராயல்ஸ் 100 ஆட்டங்களை வென்று லீகில் முதலிடம் பிடித்திருந்தது. மைனர் லீகுகளின் இறுதித் தொடரில் எதிரணி கென்டக்கியின் லூயிவில். முதல் மூன்று ஆட்டங்கள் அங்கே. ராபின்சன் களமிறங்கும்போதெல்லாம் கூட்டம் ஊளையிட்டது, அவர் மட்டையும் ஓய்ந்துபோனது. ராயல்ஸ் இரண்டு ஆட்டங்களைத் தோற்று ஊர் திரும்பியது. செய்தி முன்பே மாண்ட்ரியல் வந்து சேர்ந்துவிட்டது. லூயிவில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வெளியே தலைகாட்டும்போதும் இங்கே கூட்டம் ஊளையிட்டது. அநாகரிகம்தான். ஆனால் வீட்டுப் பிள்ளையை வெளியூரில் அடித்தால் சும்மா இருக்கும் ஊர் எனக்கும் பிடிக்காது. ராயல்ஸ் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வென்றது. கடைசி ஆட்டம் 2-0.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உள்ளே இறங்கியது. உடைமாற்றும் அறைக்குப் போன ராபின்சனைத் திரும்ப வரவழைத்துத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். விமானம் பிடிக்க வேண்டும் என்று தப்பித்து ஓடியவரைத் தெருவிலும் விரட்டினார்கள், கட்டிப்பிடிப்பதற்காக. கறுப்பர் ஒருவரை வெள்ளையர் கூட்டம் துரத்துவது அமெரிக்காவில் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அதை எண்ணி அன்று ஒரு நிருபர் வியந்து எழுதினார்.

மேலாளர் கிளே ஹாப்பர் மிசிசிப்பிக்காரர். பருவம் தொடங்குமுன், கறுப்பரை மனிதர் என்று நினைக்கிறீர்களா என்று ரிக்கியிடமே கேட்டவராகச் சொல்வார்கள். அன்று ராபின்சனின் கையைப் பிடித்து, நீ பெரிய ஆட்டக்காரன், கனவான் என்று சொல்லிப் போனார். ஒரு பருவம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் மனிதருக்கு ஏதோ புரிந்திருக்கிறது.

அடுத்த ஏப்ரலில் ராபின்சன் புரூக்ளின் சட்டை போட்டார். மாண்ட்ரியலில் இருந்தது ஒரே பருவம்.

"அப்புறம் ராயல்ஸ் என்ன ஆயிற்று, மாமா?"

1948, 1953 என்று மேலும் இரண்டு முறை அந்த இறுதித் தொடரை வென்றது. பிறகு தேயத் தொடங்கியது. மேஜர் லீக் ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வீட்டுக்கே வந்தன. 1956 முதல் 1960 வரை ஐஸ் ஹாக்கியில் ஊர் அணியான கனேடியன்ஸ் தொடர்ந்து ஐந்து முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஊரின் கண் அந்தப் பக்கம் போனது. 1957 பருவம் முடிந்ததும் புரூக்ளினே புரூக்ளினை விட்டுக் கிளம்பி லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டது. கண்டத்தின் அந்தக் கோடியில் இருக்கும் தாய்க்கு இந்தக் கோடியில் எதற்குச் செவிலி? மேற்கே ஸ்போகேனில் வேறு பண்ணை வைத்துக்கொண்டார்கள். 1960 பருவத்தோடு ராயல்ஸ் முடிந்தது. லீகில் அதன் இடம் நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸ் நகருக்குப் போனது.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எக்ஸ்போஸ் மாதிரி" என்றான். பின்னாளில் இந்த ஊரில் இருந்த இன்னொரு பேஸ்பால் அணி அது.

ஐந்தாம் நாள் – அக்டோபர் 5, புதன்

விஜயதசமி. காலையிலேயே ஒலிம்பிக் அரங்குக்குத் தனியாகப் போனேன், மாப்பிள்ளையின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு. சாய்ந்த கோபுரம், கீழே கவிழ்த்த கிண்ணம் போல் கான்கிரீட். வெளியே ராபின்சனுக்கு வெண்கலச் சிலை, கூட இரண்டு குழந்தைகள். முதலில் பழைய மைதான இடத்தில் இருந்த சிலைதான், பின்னர் இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

எனக்கு இங்கே வேண்டியிருந்தவர் ராபின்சன் இல்லை. டாமி லசோர்டா.

ராபின்சன் ஒரு பருவம், கிளமெந்தே ஒரு பருவம். பென்சில்வேனியாவிலிருந்து வந்த இந்த இடதுகைப் பந்துவீச்சாளர் மட்டும் ஒன்பது பருவங்கள். பேஸ்பாலில் அணியின் ஒவ்வொரு வெற்றியையும் தோல்வியையும் ஒரு பந்துவீச்சாளர் கணக்கில் எழுதுவார்கள். ராயல்ஸுக்காக இவர் கணக்கில் 107 வெற்றிகள். அந்த அணியின் வரலாற்றில் அதிகம் அவருடையதுதான். மேஜர் லீகில் எத்தனை? ஒன்றுகூட இல்லை. நான்கு தோல்விகள், அவ்வளவே. 1955இல் புரூக்ளின் அவரை எடுத்துக்கொண்டது. சில வாரங்கள்தான். 14,000 டாலர் முன்பணம் வாங்கிய ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு அணியில் இடம் வேண்டியிருந்தது. அதே 4,000 டாலர் விதி. பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாத காலம் அது. ஆனாலும் அவனை மைனருக்கு அனுப்ப முடியாது. முந்தைய வருடம்தான் கிளமெந்தேயைப் பறிகொடுத்துச் சூடு பட்டிருந்தார்கள். லசோர்டாவை மாண்ட்ரியலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பையன் பெயர் சாண்டி கோஃபாக்ஸ். பேஸ்பால் கண்ட மிகப் பெரிய இடதுகைப் பந்துவீச்சாளர் ஆகிவிட்டதால், லசோர்டாவும் பிற்காலத்தில் அதை நகைச்சுவையாகவே சொல்லித் திரிந்தார்.

ஒரே விதி ஒரு பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு இன்னொன்றைத் திருப்பித் தந்திருக்கிறது. வரலாற்றுப் பலகைகள் முன்னவரைப் பற்றித்தான் பேசும். நான் திரும்பி வந்தவரின் பக்கம். இடையில் வேறு அணிகளுக்குப் போனாலும் திரும்பி வந்து, அணி மூடிய 1960ஆம் வருடத்திலும் இங்கே ஆடினார்.

இனிமேல்தான் கசப்பு. மேஜர் லீக் 1969இல் மாண்ட்ரியலுக்கு வந்தது, எக்ஸ்போஸ் என்ற பெயரில். 1981இல் அந்த அணி மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடருக்குப் போக ஒரே ஒரு ஆட்டம் பாக்கி, இந்த ஒலிம்பிக் அரங்கில். ஞாயிறன்று மழை, அக்டோபர் 19, திங்களுக்குத் தள்ளினார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை 1-1. எதிரணியின் ரிக் மன்டே என்பவர் ஹோம் ரன் அடித்தார். 2-1. கிழமையும் மன்டே, அடித்தவரும் மன்டே, எதிரணியின் நிறம் நீலம். இந்த ஊர் அந்த நாளை இன்றுவரை நீலத் திங்கள் என்கிறது. எக்ஸ்போஸ் கடைசிவரை உலகத் தொடரைப் பார்க்கவில்லை. 2004இல் வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

அந்த எதிரணி லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். மேலாளர் டாமி லசோர்டா. இந்த ஊர்ச் சோற்றை ஒன்பது வருடம் தின்றவர்.

மாலை வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் பையன் துள்ளிக் குதித்தான். "அவரா? யூப்பியை வெளியே அனுப்பியவர்!" என்று கொலுப் படிக்கு ஓடி அந்த ஆரஞ்சுப் பொம்மையைத் தூக்கி வந்தான். எக்ஸ்போஸ் அணியின் வேடப் பொம்மையாம். 1989 ஆகஸ்டில் டாட்ஜர்ஸோடு நடந்த 22 இன்னிங்ஸ் ஆட்டத்தில், லசோர்டாவின் அணி உட்கார்ந்திருந்த இடத்தின் கூரைமேல் ஏறி யூப்பி கூத்தடிக்க, லசோர்டா கொதித்துப்போய் நடுவரிடம் முறையிட்டு வெளியேற்றவைத்தார். மேஜர் லீகில் நடுவரால் வெளியேற்றப்பட்ட முதல் வேடப் பொம்மை அதுதானாம். அணி வாஷிங்டன் போனபோது யூப்பி போகவில்லை. 2005 முதல் கனேடியன்ஸ் ஹாக்கி அணியோடு இருக்கிறது.

இரவு ஆரத்தி முடிந்து கொலுவைக் கலைக்கும் நேரம். முறைப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். தங்கை மரப்பாச்சியை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் பையன் யூப்பியைக் கடைசிப் படியில் படுக்க வைத்து, செட்டியாரின் துண்டை எடுத்து இடுப்புவரை போர்த்திவிட்டான். துண்டு தொப்பைக்குப் போதவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள். நான் விளக்கை அணைத்தேன்.